பெயரில்லாத போத்தல்: இரசாயன ஆய்வுகூடத்தின் முதற் பாடம்

கிராமப்புறப் பாடசாலைகள் பலவற்றில் இரசாயன ஆய்வுகூடம் என்பது ஓர் அறை, இரண்டு நீண்ட மேசைகள், பூட்டிய அலுமாரி ஒன்று, அவ்வளவுதான். வாயு அடுப்பு இல்லை. சில இடங்களில் தண்ணீர்க் குழாயும் இல்லை. வசதியில்லாத இடத்தில் பாதுகாப்பை எவ்வாறு பேணுவது என்று ஆசிரியரும் பெற்றோரும் கேட்பது நியாயமே. ஆயினும் ஆய்வுகூடப் பாதுகாப்பின் பெரும்பகுதி பழக்கத்தால் வருவது. அந்தப் பழக்கத்துக்குச் செலவு மிகக் குறைவு. ஆய்வுகூடத்தில் ஊன்றிய பழக்கம் பிள்ளையோடு வீட்டுக்கும் தோட்டத்துக்கும் போகும். ஆகவே இது விஞ்ஞான மாணவருக்கு மட்டும் உரிய பாடமன்று.

உபகரணங்களை அறிவோம்

ஒவ்வோர் உபகரணத்துக்கும் உரிய வேலை ஒன்று உண்டு. முகவை கலக்கவும் சூடாக்கவும் உதவும். அதன் பக்கத்திலுள்ள கோடுகள் அண்ணளவானவை. சரியாக அளக்க அவற்றை நம்பக்கூடாது. அளப்பதற்கு அளவுச்சாடி உண்டு. இன்னும் நுட்பமாக அளக்கக் குழாயியும் அளவியும் உண்டு. திரவத்தின் மேற்பரப்பு கண்ணாடியோரம் சற்று உயர்ந்து நடுவில் தாழ்ந்து நிற்கும். கண்ணை அதே மட்டத்துக்குக் கொண்டுவந்து, தாழ்ந்த இடத்தையே வாசிக்க வேண்டும்.

குழாயியில் வாய் வைத்து உறிஞ்சும் வழக்கம் முன்பு எங்கும் இருந்தது. இன்று அது கைவிடப்பட வேண்டிய வழக்கம். ஒரு கணம் கவனம் தவறினால் அமிலம் வாய்க்குள் போய்விடும். இறப்பர்க் குமிழைப் பொருத்தி உறிஞ்சலாம். அது இல்லாதபோது ஊசியில்லாத மருந்துப் பீச்சியைக் கொண்டு அளக்கலாம்.

சோதனைக்குழாயைச் சூடாக்கும்போது மூன்றிலொரு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது. அதனைச் சரித்துப் பிடித்து, சுவாலையில் மெல்ல அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதன் வாய் எம்மையோ அயலில் நிற்பவரையோ நோக்கக் கூடாது. கொதிக்கும் திரவம் திடீரெனப் பாயும் திசை அதுவே. சூடான கண்ணாடியும் குளிர்ந்த கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுதான். எனவே சூடாக்கியதைத் தனியிடத்தில் வைத்து, எடுக்கும்போது இடுக்கியைப் பாவிக்க வேண்டும்.

வாயு இல்லாத பாடசாலைகளில் மதுசார விளக்கே அடுப்பு. அதில் மூன்றில் இரு பங்குக்கு மேல் மதுசாரம் ஊற்றக்கூடாது. எரியும் விளக்கிலோ ஆறாத விளக்கிலோ மீண்டும் ஊற்றக்கூடாது. ஒரு விளக்கைச் சரித்து மற்றொன்றைப் பற்றவைப்பதும் ஆகாது. ஊதி அணைக்காமல் மூடியால் மூடினால் காற்றின்றிச் சுவாலை தானாக அணைந்துவிடும்.

கண்ணைக் காப்போம்

உலகெங்கும் ஆய்வுகூடங்களில் எரியும் அடுப்புக்கு ஜேர்மனிய அறிஞர் றொபேட் பன்சனின் பெயர் வழங்குகிறது. ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்தில் 1855இல் அது உருவானது. அந்தப் பன்சனே, ஆய்வின்போது பாத்திரம் ஒன்று வெடித்ததில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். பேரறிஞரையும் விபத்து விட்டுவைக்கவில்லை. கண்காப்புக் கண்ணாடி ஒரு வகுப்புக்குப் போதாவிட்டால், அமிலத்தையும் வெப்பத்தையும் கையாளும் பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்து, மற்றவர்களைத் தள்ளி நிறுத்தலாம்.

கண்ணில் இரசாயனம் பட்டால் உடனே சுத்தமான நீரை ஓடவிட்டு, இமைகளை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 தொடக்கம் 20 நிமிடங்கள் கழுவ வேண்டும். பின்பு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். எரிசோடா போன்ற காரங்கள் கண்ணில் ஆழமாக ஊடுருவுவதால் அமிலத்தினும் கொடியவை. அமிலம் பட்ட இடத்தில் காரத்தையோ, காரம் பட்ட இடத்தில் அமிலத்தையோ பூசி 'சமப்படுத்த' முயலக் கூடாது. அந்தத் தாக்கத்தில் எழும் வெப்பம் மேலும் சுடும். கழுவும் நேரமும் வீணாகும். குழாய் இல்லாத அறையில், பாடம் தொடங்குமுன் இரண்டு வாளி சுத்தமான நீரும் ஒரு குவளையும், தீயணைக்க ஒரு வாளி மணலும் ஆயத்தமாக இருக்கட்டும்.

அமிலத்தை நீரில்

செறிந்த சல்பூரிக்கமிலம் நீருடன் சேரும்போது பெரும் வெப்பம் வெளிவரும். இந்த அமிலம் ஏறக்குறைய நீரின் 1.8 மடங்கு அடர்த்தியானது. அமிலத்தின் மேல் நீரை ஊற்றினால் நீர் மேலே நின்று, அந்த வெப்பத்தில் கொதித்து, அமிலத்தையும் சேர்த்துத் தெறிக்கும். ஆகையால் நீரை முதலில் எடுத்து, அமிலத்தைச் சிறிது சிறிதாக அதில் விட்டுக் கலக்க வேண்டும். பற்றரி அமிலத்தை ஐதாக்குபவருக்கும் விதி இதுவே.

பெயரும் திகதியும்

எந்தப் போத்தலிலும் பொருளின் பெயர், செறிவு, நிரப்பிய திகதி என்பன எழுதப்பட வேண்டும். ஊற்றும்போது எழுத்துள்ள பக்கம் உள்ளங்கையில் இருந்தால், வழியும் துளி எழுத்தை அழிக்காது. எடுத்ததில் மிஞ்சியதை மீண்டும் போத்தலில் ஊற்றக்கூடாது. சிறு அழுக்கும் முழுப் போத்தலையும் கெடுத்துவிடும். பெயரில்லாத போத்தலில் இருப்பதை ருசித்தோ நேராக முகர்ந்தோ அறிய முயல்வது பேராபத்து. ஆசிரியர் முகர்ந்து பார்க்கச் சொன்னாலும், ஆவியைக் கையால் மூக்கை நோக்கி மெல்ல விசிறியே பார்க்க வேண்டும்.

இனி எமது வீடுகளைப் பார்ப்போம். களைகொல்லி சோடாப் போத்தலிலும், மண்ணெண்ணெய் தண்ணீர்ப் போத்தலிலும், இறப்பர்ப் பாலை உறையவைக்கும் போமிக்கமிலம் வெறும் கானிலும் இருப்பதைக் கிராமங்களில் காண்கிறோம். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் பீடைகொல்லி விற்பனையைக் கட்டுப்படுத்துகிறது. மிகக் கொடிய பீடைகொல்லிகள் பலவற்றை இலங்கை 1995 முதல் படிப்படியாகத் தடைசெய்துள்ளது. ஆனால் வாங்கியதை வீட்டில் வேறு போத்தலுக்கு மாற்றும் கையைச் சட்டம் வந்து பிடிக்க முடியாது. சோடாப் போத்தலைக் காணும் குழந்தை, அதில் இருப்பது சோடா என்றே நம்பும்.

இன்னுமொன்று: கிணற்றுக்கு இடும் குளோரின் தூளை, அமிலம் உள்ள மலசலகூடத் துப்புரவுத் திரவத்துடன் ஒருபோதும் கலக்கக்கூடாது. கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும்.

எவரேனும் நச்சுத் திரவத்தைக் குடித்துவிட்டால் வலிந்து வாந்தியெடுக்க வைக்கக் கூடாது. இலவச நோயாளர் காவு வண்டிக்கு 1990 என்ற இலக்கத்தை அழைத்து, குடித்த போத்தலையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். அதில் பெயர் இருந்தால் வைத்தியர் காலத்தை வீணாக்காமல் சிகிச்சையைத் தொடங்கலாம்.

உயிர் இறைவன் எம்மிடம் ஒப்படைத்த கொடை. ஒரு துண்டுக் கடதாசியும் பசையும் பேனையும் கொண்டு அதைக் காக்க முடியுமாயின், அதைச் செய்யாதிருக்க எமக்கு நியாயமில்லை.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது பாடசாலை ஆய்வுகூடத்தில் பெயரில்லாத போத்தல்கள் எத்தனை? அவற்றுக்கு யார் பொறுப்பு?
2. எமது வீட்டில் நச்சுப் பொருட்கள் எங்கே, எந்தப் பாத்திரத்தில் உள்ளன? சிறுவரின் கைக்கு அவை எட்டுமா?
3. அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும் எந்தப் போத்தலுக்குப் பெயர் எழுதப் போகிறோம்?