சாம்பலில் பிறந்த சவர்க்காரம்

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து வட அமெரிக்காவில் குடியேறியவர்களுக்குச் சவர்க்காரம் எளிதில் கிடைக்கவில்லை. கப்பலில் வந்ததோ விலை கூடியது. ஆகவே குடும்பத் தலைவியர் அடுப்புச் சாம்பலையும், சமையலிலும் இறைச்சியிலும் மிஞ்சிய கொழுப்பையும் கொண்டு அதனைத் தாமே செய்தனர்.

ஓக் போன்ற வன்மரங்களின் சாம்பலே இதற்குச் சிறந்தது. அதில் பொற்றாசியம் காபனேற்று கூடுதலாக உண்டு. சேர்த்து வைத்த சாம்பலை, அடியில் துளையிட்டு வைக்கோல் பரப்பிய பீப்பாவில் நிரப்பி, மழைநீரை ஊற்றுவர். கிணற்று நீரில் கல்சிய உப்புக்கள் கரைந்திருந்தால் சவர்க்காரம் நுரைக்காது. சாம்பலினூடே வடியும் நீர் கபில நிறக் காரநீராகச் சொட்டும்.

அதன் செறிவை அளக்கக் கருவி ஏது? ஒரு முட்டையை அதில் இடுவர். முட்டை மிதந்து, சிறு நாணயமளவு மேலே தெரிந்தால் பதம் சரி. அமிழ்ந்தால் காரம் போதாது. 1829இல் லிடியா மரியா சைல்ட் என்ற அமெரிக்கப் பெண் எழுதிய இல்லறச் சிக்கன நூலிலும் இந்த முறை இடம்பெற்றுள்ளது.

பின்னர் உருக்கித் துப்புரவாக்கிய கொழுப்பைக் காரநீருடன் இரும்புக் கிடாரத்தில் இட்டு, முற்றத்தில் பல மணி நேரம் காய்ச்சுவர். நாற்றம் சகிக்காது; காரநீர் தெறித்தால் தோல் வெந்துவிடும். கொழுப்பும் காரமும் தாக்கமுற்றுச் சவர்க்காரமும் கிளிசரினும் உண்டாகும். பொற்றாசியத்தால் ஆனதால் அது கட்டியாகாமல் பாகுபோல இருக்கும். உப்பிட்டால் சோடியம் இடம்பிடித்துக் கட்டியாகும். ஆனால் உப்பு இறைச்சி பதனிடவும் வேண்டியிருந்ததால், பலர் மென்சவர்க்காரத்தையே பீப்பாவில் வைத்து அள்ளிப் பாவித்தனர்.

காரத்தைக் குறிக்கும் ‘அல்கலி’ என்ற விஞ்ஞானச் சொல், செடிச் சாம்பலைக் குறித்த அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நமது ‘சவர்க்காரம்’ என்ற சொல்லிலும் காரம் இருக்கிறது.

ஐக்கிய அமெரிக்காவின் முதலாவது ஆக்கவுரிமம் 1790 ஜூலை 31இல் சாமுவேல் ஹொப்கின்ஸ் என்பவருக்கு வழங்கப்பட்டது. சாம்பலிலிருந்து பொட்டாஸ் எடுக்கும் திருத்திய முறைக்கே அது கிடைத்தது. அதே சாம்பலைத் தலைமுறை தலைமுறையாக வடித்து, முட்டையால் அளந்த பெண்களில் மிகப் பலரின் பெயர் எங்கும் பதியப்படவில்லை.

மாணவிகளே, சவர்க்காரமாக்கலைப் பாடத்தில் படிக்கும் நாளில், உங்கள் உம்மம்மாவிடமும் வாப்பும்மாவிடமும் அக்காலத்தில் துணி வெளுத்த விதத்தைக் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். எழுதாத அறிவு அறிந்தவருடனேயே போய்விடும்.