2147483647: கம்ப்யூட்டரில் ஓர் எல்லைக்கல்

எவ்வளவு பெரிய எண்ணைக் கொடுத்தாலும் கம்ப்யூட்டர் சமாளித்துவிடும் என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் நினைப்பதுண்டு. ஆனால் பல புரோகிராம்களில் எண்களுக்கும் எல்லை உண்டு. அந்த எல்லையில் நிற்பது 2147483647. நம் கணக்கில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்து, மெனுவில் புரோகிராமர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். க்யூவேர்ட் என்ற பட்டனை ஒருமுறை கிளிக் செய்தால் டிவேர்ட் என்று மாறும். இப்போது 2147483647 என டைப் செய்து 1ஐக் கூட்டுங்கள். விடை மைனஸ் 2147483648 என்று வரும்!

ஏன் இப்படி?

டிவேர்ட் என்பது 32 பிட் கொண்ட பெட்டி. ஒவ்வொரு பிட்டும் ஒரு ஸ்விட்ச் போல. 0 அல்லது 1 மட்டுமே இருக்கும். முதல் பிட் பிளஸ், மைனஸ் குறிக்காக ஒதுக்கப்படுகிறது. மீதி 31 பிட்களின் மதிப்பு 1, 2, 4, 8 என இரட்டித்துக்கொண்டே போகும். அனைத்தும் 1 ஆக இருந்தால் கூட்டுத்தொகை 2147483647. மேலும் 1 சேர்த்தால் குறிக்கான பிட் மாறி, எண் மைனஸில் விழுகிறது. கம்ப்யூட்டர் 64 பிட் ஆக இருந்தாலும், புரோகிராம் எழுதியவர் 32 பிட் பெட்டியை ஒதுக்கியிருந்தால் இதே கதிதான்.

கணித அதிசயம்

இது ஒரு பகா எண். இப்படி இரட்டித்துக் கூட்டும் எண்களெல்லாம் பகா எண்கள் அல்ல; 1+2+4+8=15 என்பது 3ஆலும் 5ஆலும் வகுபடும். 2147483647 எதனாலும் வகுபடாது என்பதைக் கம்ப்யூட்டர் இல்லாத 1772ஆம் ஆண்டிலேயே ஆய்லர் நிறுவினார். 46,340 வரை சோதித்தால் போதும். அதிலும், வகுக்கக்கூடிய பகா எண் எதுவானாலும் 248ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வர வேண்டும் என்று அவர் கண்டதால், 400க்கும் குறைவான எண்களே மிஞ்சின. அப்போது அவர் பார்வையை ஏறக்குறைய இழந்திருந்தார் என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

2038ல் என்ன ஆகும்?

பல கருவிகள் 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளை எண்ணியே தேதியைக் கணக்கிடுகின்றன. அந்த எண்ணிக்கை 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரம் காலை 8.44.07க்கு 2147483647ஐத் தொடும். இன்னும் 32 பிட்டில் எண்ணும் கருவி அடுத்த விநாடியே 1901 டிசம்பருக்குத் தாவிவிடலாம். 64 பிட்டுக்கு மாறுவதே தீர்வு. யூடியூபில் கங்னம் ஸ்டைல் பாடலின் பார்வை எண்ணிக்கை 2014ல் இந்த எல்லையைத் தாண்டியபோது, அங்கும் 64 பிட்தான் கைகொடுத்தது.

எனவே ஏதாவது புரோகிராமில் 2147483647 அல்லது அதையொட்டிய மைனஸ் எண்ணைக் கண்டால் உடனே வைரஸ் என்று பதற வேண்டாம். பெரும்பாலும் பெட்டி நிரம்பிவிட்டது என்றுதான் பொருள். அந்தப் புரோகிராமுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்து அப்டேட் செய்யுங்கள். பழைய கருவிகளை 2038க்குப் பிறகும் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், முக்கியமான பைல்களுக்கு இப்போதே பேக்கப் எடுத்து வையுங்கள்.