மீன் தொட்டிக்கு மெல்ல விடியும் விளக்கு

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் கடிதம் டைப் செய்வதற்கும் படம் பார்ப்பதற்குமே அதைப் பயன்படுத்துவோம். அதே கம்ப்யூட்டரில் ஒரு சிறு ப்ரோக்ராம் எழுதி, வீட்டில் உள்ள விளக்கையும் கட்டுப்படுத்தலாம். என் மீன் தொட்டியில் நான் செய்ததை இங்கே சொல்கிறேன்.

இருட்டான தொட்டியில் விளக்கு பளிச்சென்று எரிந்தால் மீன்கள் மிரளும். கண்ணாடியில் மோதும், சில வெளியே குதித்துவிடும். எனவே அரை மணி நேரத்தில் மெல்ல மெல்ல வெளிச்சத்தைக் கூட்டப் போகிறோம்.

தேவையானவை

ஆர்டுயினோ ஊனோ போர்டு, 1 மீட்டர் 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப், 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், ஐஆர்எல்இசட்44என் என்ற மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர், 220 ஓம் மற்றும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், ஒரு பிளக் டைமர். எலக்ட்ரானிக்ஸ் பொருட்கள் விற்கும் கடைகளில் இவை கிடைக்கும்.

ஊனோவில் உள்ள மைக்ரோகண்ட்ரோலர் ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கம்ப்யூட்டர். ப்ரோக்ராமை வைத்துக்கொள்ள அதில் இருப்பது 32 கிலோபைட் இடம்தான். நம் வேலைக்கு அது தாராளம்.

டிரான்சிஸ்டர் எதற்கு?

ஊனோவின் ஒரு பின் 5 வோல்ட்டில் சுமார் 20 மில்லி ஆம்பியர்தான் தர முடியும். மீட்டருக்கு 4.8 வாட் எடுக்கும் ஸ்ட்ரிப்புக்கு 12 வோல்ட்டில் 400 மில்லி ஆம்பியர் வேண்டும். நேரடியாக இணைக்கவே கூடாது. பின் உத்தரவு மட்டும் கொடுக்கும். மின்சாரத்தைச் சுமப்பது டிரான்சிஸ்டர்.

பெயரைக் கவனித்து வாங்குங்கள். ஐஆர்எஃப்இசட்44என் என்று ஒன்று உண்டு. அது முழுதாகத் திறக்க ஏறக்குறைய 10 வோல்ட் தேவை. நமக்கு வேண்டியது 5 வோல்ட்டிலேயே திறக்கும் 'எல்' வகை.

இணைக்கும் முறை

எழுத்து உள்ள பக்கம் உங்களைப் பார்க்கும்படி டிரான்சிஸ்டரைப் பிடித்தால் இடமிருந்து வலமாக கேட், ட்ரெயின், சோர்ஸ்.

1. பின் 9-லிருந்து 220 ஓம் வழியாக கேட்டுக்கு.
2. ஸ்ட்ரிப்பின் மைனஸ் ட்ரெயினுக்கு.
3. ஸ்ட்ரிப்பின் பிளஸ் அடாப்டரின் பிளஸ்ஸுக்கு.
4. சோர்ஸ், அடாப்டரின் மைனஸ், ஊனோவின் கிரவுண்ட் மூன்றும் ஒன்றாக.
5. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 10 கிலோ ஓம்.

சோதித்த பிறகு ஊனோவுக்கும் அதே அடாப்டரிலிருந்து மின்சாரம் கொடுக்கலாம்.

ஐந்தாவது இணைப்பை நான் முதலில் விட்டுவிட்டேன். மின்சாரம் வந்தவுடன், ப்ரோக்ராம் தொடங்குவதற்கு முன் ஓரிரு நொடிகள் பின் எந்த உத்தரவும் தருவதில்லை. அந்தரத்தில் நின்ற கேட் திறந்துகொண்டு, ஸ்ட்ரிப் முழு வெளிச்சத்தில் மின்னியது. தினமும் காலையில் இப்படி நடந்தது. மூன்றாம் நாள் ஒரு கப்பி மீன் தரையில் செத்துக் கிடந்தது. மீனைக் காப்பாற்றச் செய்த கருவியே அதைக் கொன்றுவிட்டது. சில காசு விலையுள்ள அந்த ரெசிஸ்டர் கேட்டை மூடியே வைத்திருக்கும்.

ப்ரோக்ராம்

அனலாக்ரைட் என்ற கட்டளை 0 முதல் 255 வரை எண்களை ஏற்கும். 128 கொடுத்தால் விளக்கு பாதி நேரம் எரிந்து, பாதி நேரம் அணையும். நொடிக்கு சுமார் 490 முறை இப்படி நடப்பதால் கண்ணுக்கு மங்கிய வெளிச்சமாகவே தெரியும்.

கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் செட்அப் பகுதியில் எழுதி, லூப் பகுதியைக் காலியாக விடுங்கள். முதலில் பின் 9-ஐ அவுட்புட் ஆக்குங்கள். பிறகு எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். 1-லிருந்து 2-க்குப் போவது வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும். ஆனால் 200-லிருந்து 201 கண்ணுக்கே தெரியாது. அதனால் முதல் 20 படிகளுக்குத் தலா 20 நொடி, மீதி 235 படிகளுக்குத் தலா 6 நொடி காத்திருக்கச் செய்யுங்கள். மொத்தம் 30 நிமிடம் 10 நொடி. டிலே கட்டளையில் நேரத்தை மில்லி செகண்டில் தர வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு 28800000. அதன் பின் அதே படிகளில் 0 வரை இறக்குங்கள்.

ஊனோவுக்குக் கடிகாரம் தெரியாது. பிளக் டைமர் காலை 9 மணிக்கு மின்சாரம் தந்து, இரவு 7 மணிக்கு நிறுத்தட்டும்.

அடாப்டருக்குள் வருவது 230 வோல்ட். அதையும் போர்டையும் தொட்டிக்கு மேலே வைக்காதீர்கள். வயரில் வழியும் நீர் கீழே சொட்டிவிடும்படி, பிளக்குக்குக் கீழாக வயரைத் தொங்கவிட்டு மேலேற்றுங்கள். தண்ணீர் புகாத சிலிகான் உறையுள்ள ஸ்ட்ரிப்பே நல்லது.

முதலில் மேசை மேல் வைத்து, மின்சாரத்தைப் பத்து முறை நிறுத்தித் தந்து பாருங்கள். ஒரு முறைகூட மின்னவில்லை என்றால் மட்டும் தொட்டிக்குக் கொண்டு போங்கள்.