முதலில் தட்டைக் கேள்

அன்புள்ள தங்கைக்கு,

கைலாசபுரத்தில் நீ நாய், பூனைகளுக்கான கிளினிக் திறந்த செய்தி கேட்டு மனம் நிறைந்தது. தொண்ணூறுகளில் நான் தொழில் தொடங்கியதும் அந்தத் திருவெறும்பூர்ப் பக்கம்தான். வாந்தியும் கழிச்சலுமாக வரும் கூட்டத்தைப் பற்றி மட்டும் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். உன் மேசைக்கு அதிகம் வரப்போவது அதுதான்.

உள்ளே வந்ததும் "ஒரு ஊசி போடுங்க டாக்டர்" என்பார்கள். ஊசியைத் தொடுமுன் உட்கார வைத்துக் கேள்: நேற்றுக் காலையிலிருந்து என்ன தின்றது, யார் கொடுத்தது? "எப்பவும் போலத்தான்" என்ற பதிலோடு விட்டுவிடாதே. அங்குள்ள ஊழியர் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஒரு நாய்க்கு நாலு வீடு உண்டு. ஒரு வீட்டில் தயிர் சாதம், அடுத்த வீட்டில் பிஸ்கட், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு வீட்டுப் பின்வாசலில் பிரியாணி எலும்பு. கூட வந்த குழந்தையிடம் கேட்டால் உண்மை வந்துவிடும். பணி ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து போகும் வீடுகளின் நாய்களையும் மனதில் வை. பழகிய சாப்பாடு ஒரே நாளில் மாறினால் குடல் கலங்கும். எந்த மாற்றத்தையும் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யச் சொல்.

சோறு போடுகிறார்கள் என்பதற்காக யாரையும் திட்டாதே. மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு அதிகப் பிரதிகளாக இருப்பதை 2013இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் தெரு நாய் சோற்றோடு கூடவே வளர்ந்த பிராணி. சோற்றில் புரதம் போதாது என்பதுதான் குறை. அவித்த முட்டையோ கோழியோ சேர்க்கச் சொல். சாம்பார் சாதம் மட்டும் கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

பூனைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஸ்ரீரங்கத்திலிருந்து பால் சோற்றில் வளர்ந்த பூனை வரும். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காது, அதனாலேயே கழிச்சல் நிற்காது. அதைவிடப் பெரிய ஆபத்து டாரின் என்ற சத்தின் குறைவு. இறைச்சியில் இருக்கும் டாரின் கிடைக்காத பூனைக்குக் கண்பார்வை மங்கும், இதயம் தளரும். இதயத் தளர்ச்சிக்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பு தெரிய வந்ததே 1987இல்தான். மாமிசம் நுழையாத வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று தயங்காதே. அவர்கள் ஆசாரத்தை மதித்து, திண்ணையிலோ கொல்லையிலோ தனித்தட்டில் பூனைக்கான பாக்கெட் தீனி வைக்கலாமா என்று கேள். பூனை மேலுள்ள பிரியத்தால் பெரும்பாலும் சரி என்பார்கள். இன்னொன்று: பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். குண்டுப் பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். "பட்டினி கிடந்தால் வயிறு தானே சரியாகும்" என்று பூனை வளர்ப்பவரிடம் ஒருநாளும் சொல்லாதே.

பட்டினி என்றதும் என் நெஞ்சை அழுத்துவதைச் சொல்லிவிடுகிறேன். நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸ் நோய் 1978இல் உலகுக்குத் தெரிய வந்தது. எண்பதுகளின் தொடக்கத்திலேயே சென்னையில் அதைப் பதிவு செய்துவிட்டார்கள். குடல் சுவரைப் புதுப்பிக்கும் செல்களையே அந்த வைரஸ் அழிப்பதால் ரத்தக் கழிச்சலாகப் போகும். வாந்தி நிற்கும்வரை வாய்வழி ஒன்றும் கூடாது என்றுதான் எங்கள் காலத்தில் படித்தோம். நானும் டிரிப் மட்டும் போட்டு, குட்டிகளை நாள்கணக்கில் காய வைத்தேன். 2003இல் தென்னாப்பிரிக்காவில் முப்பது நாய்களை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. சேர்த்த பன்னிரண்டு மணி நேரத்தில் மூக்கு வழிக் குழாயில் உணவு பெற்றவை, காத்திருந்தவற்றைவிடச் சீக்கிரம் தேறின, எடையும் கூடின. அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. நான் காய வைத்த குட்டிகளில் எத்தனை பிழைத்திருக்கும் என்று இன்றும் நினைப்பேன். வாந்திக்கு மருந்து கொடு, நீர்ச்சத்தை ஏற்று, அதே நாளில் சிறிது சிறிதாக உணவையும் தொடங்கு.

பார்வோ வந்த வீட்டில் "பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டோம்" என்பார்கள். பினாயிலுக்கு அந்த வைரஸ் சாகாது, மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். தரையை நன்றாகக் கழுவிவிட்டு, பிளீச் கரைசலைப் பத்து நிமிடம் ஊற விடச் சொல். பூனை இருக்கும் வீட்டில் பினாயிலே விஷம். தடுப்பூசி ஒன்று போட்டால் போதும் என்று நினைத்துவிடுவார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச்சக்தி ஊசியை வேலை செய்ய விடாமல் தடுக்கலாம். அதனால் ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறு வாரம்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். அடுத்த தேதியை நீயே எழுதிக் கொடு.

சாதாரணக் கழிச்சலுக்கெல்லாம் மெட்ரோனிடசோல் ஆன்டிபயாடிக் எழுதும் பழக்கம் உனக்கு வேண்டாம். நோயில்லாத நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோதே, நிறுத்தி நாலு வாரம் ஆன பிறகும் சிலவற்றின் குடல் நுண்ணுயிர்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தெம்பாக இருக்கும் நாய்க்கு அவித்த கோழியும் சோறும், கொஞ்சம் மஞ்சள் பூசணியும், தண்ணீரும் பெரும்பாலும் சில நாளில் போதும். ஈறு வெளுத்து, கறுத்த மலம் போகும் குட்டியா? கொக்கிப்புழுவாக இருக்கும். தாய்ப்பாலிலேயே அது குட்டிக்கு வந்துவிடும் என்பதால் இரண்டாவது வாரத்திலிருந்தே பூச்சி மருந்து தொடங்க வேண்டும்.

எடை பார்க்கும் மேடையை வாசலருகே போடு, உள்ளே வருமுன்பே நாய் அதில் ஏறி நிற்கும். பக்கத்தில் ஒரு நோட்டு வை. எடையை எழுதி, அதற்கு நேரே நேற்று என்ன தின்றது என்பதையும் எழுது. மாசி மாதம் அந்தப் பக்கம் வருவேன், நோட்டை எடுத்து வை, சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
உன் அண்ணன்