முதியோர் இல்லத்தில் சேர்க்கும் முன்
1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்தவர்க்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கிய இராயபுரம் மணியக்காரர் சத்திரம், பின்னர் ஆதரவற்ற முதியோரின் புகலிடமும் ஆயிற்று. முதியோர் இல்லம் நம் பகுதிக்குப் புதிதன்று. பெற்றோரை அவர்தம் சம்மதத்துடன் சேர்ப்பது குற்றமும் அன்று.

ஆயினும் முதல் சில வாரங்களை நாங்கள் கவலையுடன் நோக்குகிறோம். வழக்கமான மாத்திரை விடுபடலாம். இருமுறை தரப்படவும் கூடும். எனவே மருந்தின் பெயர், அளவு, வேளை, ஒவ்வாமை ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி, பழகிய செருப்பு ஆகியவை உடன் செல்லட்டும். கழிப்பறை வழியில் இரவு விளக்கு உண்டா என்று பாருங்கள்.

திடீரென அவர் குழம்பிப் பேசினால், முதுமை என்றோ வீட்டு ஏக்கம் என்றோ விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த்தொற்று, நீரிழப்பு, சர்க்கரைக் குறைவு ஆகியவை காரணமாகலாம். அன்றே அழைத்து வாருங்கள். இம்மாற்றத்தை முதலில் உணர்பவர் அவரை நன்கறிந்த நீங்களே. ஆதலின் அடிக்கடி சென்று பாருங்கள்.