கலைக்கு மக்களைத் தேடிய கதை

கலைத் துறையில் மக்கள் தொடர்புப் பணி என்றதும் சுவரொட்டிதான் நம் நினைவுக்கு வரும். அதைப் பயில விரும்பும் மாணவியர் எட்வர்ட் பெர்னேஸ் செய்ததை முதலில் அறிய வேண்டும்.

1915-இல், ரஷ்ய பாலே நடனக் குழுவின் அமெரிக்கப் பயணத்தை விளம்பரப்படுத்தும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. பாலே பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது! ஆகவே முதலில் அவரே மாணவரானார். ஆடவர் நடனமாடுவதை அந்நாட்டார் பலர் விரும்பவில்லை என்பதையும் கண்டுகொண்டார். எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்பாமல், இசைப் பகுதிக்கு இசையைப் பற்றியும், மகளிர் பகுதிக்கு உடை, வண்ணங்களைப் பற்றியும் எழுதி அனுப்பினார். மகளிர் இதழ் ஒன்று, பாவாடை முழங்காலுக்கு மேல் இருந்த புகைப்படங்களை ஏற்க மறுத்தது. உடனே ஓவியரைக் கொண்டு படத்தில் பாவாடையை நீட்டிவிட்டார். படித்ததும் சிரிப்பு வந்தது. ஆனால் மேடையில் பாவாடை நீளவில்லையே!

1916 ஜனவரியில் நியூயார்க்கில் ஆட்டம் தொடங்கியது. 1923-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பெர்னேஸ் இத்துறையைப் பாடமாகவே கற்பித்தார்.

1929 பாஸ்கு ஞாயிறன்று, சிகரெட் நிறுவனம் ஒன்றுக்காக, இளம்பெண்களை நியூயார்க் வீதியில் புகைத்தபடி நடக்க வைத்தவரும் அவரே.