காவற்பரண்: குழந்தைகளும் அமரத்தக்கதாய்ச் சொற்பச் செலவில் கட்டும் முறை

செஞ்சிக்கு வடமேற்கே அவலூர்பேட்டையைச் சூழ்ந்துள்ள கிராமங்களின் முக்கியப் பயிர்களுள் ஒன்று மணிலாக்கொட்டை. குடியானவர்கள் அதனை மல்லாட்டை என்றே வழங்குவர். பாறைக் குன்றுகளும் புதர்க்காடுகளும் விளைநிலத்தை அடுத்திருக்கும் இடங்களில் இப்பயிருக்குப் பகை பல. விதைத்த பருப்பைக் காகமும் மயிலும் கிளறி எடுக்கின்றன. காய் முற்றும் தருணத்தில் காட்டுப்பன்றிகள் கூட்டமாய் வந்து மண்ணைத் தோண்டுகின்றன. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் பெற்று விதைத்த அங்கத்தினர் ஒருவரின் காடு ஓர் இரவில் அழியுமாயின், நஷ்டம் அவரோடு நில்லாது. தவணை தவறுவதால் சங்கத்தையும் தாக்கும். ஆதலின் பயிர்க்காவல் தனி மனிதர் கவலை மட்டுமன்று, சங்கத்தின் காரியமும் ஆகும். அக்காவலுக்குப் பழமையான சாதனம் பரண்.

வேட்டைப் பரணும் காவற்பரணும்

பரணில் மறைந்திருந்து மானையும் பன்றியையும் வேட்டையாடும் வழக்கம் முற்காலத்தில் இந்நாட்டில் உண்டு. 1972-ஆம் வருஷத்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அது குற்றமாகும். புள்ளிமான், கடமான், காட்டுப்பன்றி, மயில் யாவும் அச்சட்டத்தின் அட்டவணைகளில் அடங்கியவை. காப்புக்காட்டிற்கு மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பட்டா நிலங்களில் பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுடுவதற்குத் தமிழ்நாடு அரசு 2025-ஆம் வருஷம் வகுத்த ஏற்பாடும், பயிற்சி பெற்ற வனத்துறையினருக்கே அதிகாரம் அளிக்கிறது, குடியானவருக்கு அளிக்கவில்லை.

வேட்டைப் பரணுக்கும் காவற்பரணுக்கும் உள்ள பேதத்தை முதலில் அறிந்துகொள்வது அவசியம். வேட்டைக்காரன் தன் உருவத்தையும் ஓசையையும் வாசனையையும் மறைக்க வேண்டியவன். காவற்காரனோ அம்மூன்றையும் வெளிப்படுத்த வேண்டியவன். மனிதர் இருக்கிறார் என்பதைப் பிராணி தூரத்திலேயே உணர்ந்து திரும்பிப் போவதே காவலின் வெற்றி. குழந்தையை வேட்டைப் பரணில் அசையாமல், பேசாமல் இருத்துவது கடினம். காவற்பரணிலோ குழந்தையின் பேச்சும் பாட்டும் தகரம் தட்டும் விளையாட்டுமே காவலாகின்றன. கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கச் செல்லும் பெண்கள் இதணம் என்னும் பரணில் அமர்ந்து தழல், தட்டை, குளிர் என்னும் ஓசைக் கருவிகளால் கிளி ஓட்டுவதாகக் கூறப்படுகிறது. இளையோர் பரணில் இருந்து ஆரவாரத்தால் பயிர் காப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று.

காவல் வேண்டிய காலம்

மணிலாப் பயிர் ஏறக்குறைய 105 முதல் 110 நாட்களில் அறுவடைக்கு வருவது. அத்தனை நாளும் விழித்திருக்கத் தேவையில்லை. விதைத்த முதல் பத்து நாட்கள் பகற்காவல் அவசியம். பறவைகளின் தொல்லை அப்போதுதான் மிகுதி. பன்றி விதைப்பருப்பையும் தோண்டுமாதலால், அதன் தடம் கண்ட இடத்தில் அந்நாட்களில் இராக்காவலும் வேண்டும். விழுது இறங்கிக் காய் பிடித்து முற்றத் தொடங்கும் அறுபதாம் நாள் முதல் அறுவடை வரையில் தவறாத இராக்காவல் வேண்டும். இக்கணக்கை அறிந்தால் வீண் உழைப்புக் குறையும்.

இடம் தெரிந்தெடுத்தல்

பரண் வயலின் நடுவில் இருப்பதைவிடக் காட்டை நோக்கிய ஓரத்திலிருந்து 20 அல்லது 30 அடி உள்ளே இருப்பது நலம். பன்றியின் தடம் தென்படும் வழிக்கு நேரே கட்டலாகாது. மருண்டு ஓடும் கூட்டம் அதே வழியில் பாயும். அவ்வழியை விட்டு ஒதுங்கிக் கட்டி, பிராணிகள் காட்டிற்குத் திரும்பும் பாதையைத் திறந்தே வைக்க வேண்டும்.

பன்றிக்குப் பார்வை மந்தம், மோப்பம் கூர்மை. காற்று வயலிலிருந்து காட்டை நோக்கி வீசுமாயின் மனித வாசனையே பாதிக் காவல் செய்துவிடும். ஆடி மாதத்து மேல்காற்றில், கிழக்கே காடு உள்ள வயலுக்கு இவ்வனுகூலம் உண்டு. மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்றில் அது மாறிவிடும். காட்டிலிருந்து வயலை நோக்கிக் காற்று வரும் இரவுகளில் விளக்கையும் ஓசையையுமே நம்ப வேண்டுமாதலால் அதிக விழிப்பு வேண்டும்.

மின்கம்பிகளின் கீழும், தனித்து நிற்கும் மரத்தின்மீதும், அதன் அருகிலும் பரண் கட்டக் கூடாது.

உயரம்

பரண் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்பது தவறான எண்ணம். மணிலாச் செடி முழங்கால் உயரமே வளர்வது. ஆகையால் தரையிலிருந்து 5 அடி உயரத்தில் தளம் இருந்தால் வயல் முழுவதும் கண்ணுக்குப் புலப்படும், பன்றியும் எட்டாது. கரும்பு, சோளம் போன்ற உயர்ந்த பயிருக்கு 10 அடிப் பரண் வேண்டும். அத்தகைய பரணில் குழந்தைகளை ஏற்றலாகாது. அமெரிக்க நாட்டில் மான் வேட்டைக்கு மரத்தின்மீது இருக்கை அமைக்கும் வழக்கம் பரவலாக உண்டு. அங்கு வேட்டைக்காரருக்கு நேரும் காயங்களின் முக்கியக் காரணங்களுள் ஒன்று அவ்விருக்கைகளிலிருந்து விழுவதே. பழகிய பெரியவர்க்கே அவ்வாறாயின், குழந்தைகள் விஷயத்தில் உயரத்தைக் குறைப்பதே முதற் பாதுகாப்பு.

வேண்டிய சாமான்கள்

இரண்டு பெரியவரும் இரண்டு குழந்தைகளும் அமர, 6 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள தளம் போதுமானது. அதற்கு வேண்டியவை:

முன்கால்களுக்கு 13 அடிச் சவுக்குக் கழி இரண்டு. பின்கால்களுக்கு 12 அடிக் கழி இரண்டு. இவை அடியில் 5 அங்குலக் கனம் உள்ளவையாய் இருத்தல் வேண்டும்.

தளத்தைத் தாங்கும் 7 அடி விட்டம் இரண்டு. குறுக்கே இடும் 6 அடிச் சட்டம் மூன்று.

சாய்வு முட்டுகளுக்கு 8 அடிக் கழி ஆறு.

தளம் பரப்ப 2 அங்குலக் கனமும் 6 அடி நீளமும் உள்ள மெல்லிய கழி முப்பது.

மூங்கிற் பிளாச்சு, தென்னங்கீற்று அல்லது பனையோலை, தேங்காய்நார்க் கயிறு, விட்டங்களை முடுக்க இரும்பு போல்ட்டு நான்கு.

சவுக்கு கிடைக்காவிடில் வேலிக்காத்தான் மரத்தில் நேரான கழிகளைத் தெரிந்தெடுக்கலாம். பழைய வீடு பிரித்த மரமும் ஏற்றது. கறையான் அரித்ததும் வெடித்ததும் மாத்திரம் ஆகா.

கட்டும் விதம்

கால்களின் அடிப்பாகத்தை மூன்றடி உயரத்திற்கு நெருப்பில் வாட்டி மேலே தார் பூசினால் கறையான் எளிதில் அணுகாது. ஒவ்வொரு காலையும் இரண்டரை அடி ஆழத்தில் நட்டு, சல்லியும் மண்ணும் மாறி மாறி இட்டுக் கெட்டிக்க வேண்டும். செஞ்சி வட்டாரத்தில் சிறிது தோண்டியதும் பாறை தட்டும் நிலங்கள் உண்டு. அங்கே ஆழம் குறைந்தால், காலைச் சுற்றி இரண்டடி உயரத்திற்குக் கல் அடுக்கிச் சேற்றுமண்ணால் இறுக்கி, முட்டுகளை அதிகப்படுத்துவதே வழி.

தரையிலிருந்து 5 அடி உயரத்தில் கால்களில் வாய் வெட்டி, அதில் விட்டத்தை உட்கார்த்திப் போல்ட்டால் முடுக்க வேண்டும். கயிற்றுக் கட்டு மழையிலும் வெயிலிலும் தளருமாதலால், பாரம் தாங்கும் இடத்தில் கயிற்றை மட்டும் நம்பலாகாது. ஏணி வைக்கும் பக்கம் நீங்கலாக மற்ற மூன்று பக்கங்களிலும் பெருக்கற்குறி போல் இரண்டிரண்டு முட்டுகள் கட்டினால் பரண் ஆடாது. தளத்துக் கழிகளை நெருக்கமாய்ப் பரப்பிக் கட்ட வேண்டும். குழந்தையின் பாதம் இறங்கும் சந்து எங்கும் இருக்கலாகாது.

நாற்புறமும் 3 அடி உயரத்திற்கு அடைப்பு வேண்டும். பிளாச்சுகளை நெட்டாக நிறுத்திக் கட்டுக. படுக்கையாய்க் கட்டினால் குழந்தைகள் அதையே ஏணியாக்கி ஏறுவார்கள். பிளாச்சுகளின் இடைவெளி 4 அங்குலத்திற்குள் இருக்க வேண்டும். ஏணி செங்குத்தாயின்றிச் சாய்வாகவும், படிகள் 10 அங்குலத்திற்கு ஒன்றாகவும் அமைக. ஏறியபின் வாயிலை அடைக்க உட்புறம் ஒரு தாழ்க்கட்டை தேவை.

முன்புறம் ஐந்தரை அடியும் பின்புறம் நாலரை அடியுமாகக் கூரை சாய்ந்திருந்தால் மழைநீர் பின்னே வடியும். முன்னே பார்வைக்குத் தடையிராது. தகரக் கூரை பகலில் கொதிக்கும், கீற்றே சுகம்.

கட்டி முடித்ததும், 50 கிலோ நிறையுள்ள மணல் மூட்டைகள் ஆறினைத் தளத்தில் ஏற்றி ஓர் இரவு விட்டுவைக்க வேண்டும். காலையில் கால் இறங்காமலும் கட்டு நெகிழாமலும் இருந்தால் மாத்திரமே மனிதர் ஏறலாம். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் கட்டுகளைப் பரிசோதித்தல் அவசியம்.

சௌகரியம் ஆடம்பரமன்று

கால் நீட்ட இடமில்லாத, கொசு பிடுங்கும், ஒழுகும் பரணில் அமர்ந்தவர் நடுநிசிக்குள் வீடு திரும்பிவிடுவார். அப்படிக் காவல் சலித்தவரே வயலைச் சுற்றி மின்கம்பி இழுக்கவும், அவுட்டுக்காய் வைக்கவும் துணிகின்றனர். கிணற்று மோட்டாரின் மின்சாரத்தை வேலிக் கம்பியில் பாய்ச்சுவது கடுங்குற்றம். அது பன்றியையும் விடியலில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்து வயற்காரரையும் வேறுபடுத்தி அறியாது. தமிழ்நாட்டில் அதனால் மாண்ட மனிதர் பலர். ஆகவே கோரைப்பாய், கொசுவலை, மூடிய தண்ணீர்க்குடம், போர்வை இவற்றிற்கு ஆகும் சிறு செலவு உயிர்காக்கும் செலவே.

கூரை ஓலையாதலால் மண்ணெண்ணெய் விளக்கும் அடுப்பும் பரணில் ஆகா. மின்கலப் பந்தமோ சூரியசக்தி விளக்கோ உபயோகிக்கலாம். வயலின் தூர மூலைகளில் கழி நட்டு, கூழாங்கல் இட்ட வெற்றுத் தகர டப்பாக்களைத் தொங்கவிட்டு, அவற்றின் கயிற்றைப் பரணுக்குக் கொண்டுவந்தால் கீழே இறங்காமலே நான்கு மூலையிலும் ஓசை எழுப்பலாம். ஒரே ஓசைக்குப் பிராணிகள் பழகிவிடுமாதலால், டப்பா, பறை, குரல், விளக்கு என மாற்றி மாற்றிக் கையாள்க.

குழந்தைகள் விஷயத்தில் விதிகள்

இராக்காவல் குழந்தைகளின் வேலையன்று. 1986-ஆம் வருஷத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016-இல் திருத்தப்பட்டபடி, பதினான்கு வயதுக்குட்பட்டோர் பள்ளி நேரத்திற்குப் பின்னும் விடுமுறையிலும், அபாயமற்ற வேலையில் மட்டும் குடும்பத்திற்கு உதவலாம் என்கிறது. விடுமுறைக் காலைகளில் பறவை ஓட்டுவதும், மாலையில் பெரியவரோடு சிறிது நேரம் இருப்பதும் போதும். இருட்டுமுன் வீடு சேர வேண்டும்.

பெரியவர் இல்லாமல் குழந்தை ஏறலாகாது. பன்றி வயலில் இருக்கும்போது எவரும் கீழே இறங்கலாகாது. குட்டியோடுள்ள பன்றியும் காயம்பட்ட பன்றியும் மனிதர்மேல் பாயும். இடியோசை கேட்ட மாத்திரத்தில் பரணை விட்டு நல்ல கட்டடத்திற்குச் செல்க. மரத்தடியில் ஒதுங்குவது அபாயம். பாயை உதறி, விளக்கொளியில் பார்த்த பின்னரே அமர்க. பாம்பு தீண்டினால் கீறுவதும் கட்டுவதும் மந்திரிப்பதும் இன்றி, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108 வண்டியை அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

எழுதப் படிக்கத் தெரிந்த சிறுவர் சிறுமியரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தை ஒப்புவிக்கலாம். எந்த நாளில், எத்தனை மணிக்கு, எத்திசையிலிருந்து, எத்தனை பிராணிகள் வந்தன, எவ்வளவு இடம் சேதமாயிற்று என்பதைக் காவலிருந்தவர் சொல்ல மறுநாள் அவர்கள் குறித்து வைப்பார்கள். சேதத்திற்கு நிவாரணம் கோரி வனத்துறைக்கு மனுச் செய்யும்போது இக்குறிப்பு நல்ல ஆதாரமாகும். குழந்தைக்கோ கணக்கும் இயற்கைப் பாடமும் ஒருங்கே கிட்டும்.

சங்கம் செய்யத்தக்கது

தனித்தனியே ஒவ்வொருவரும் பரண் கட்டினால் செலவும் அதிகம், தூக்கமும் இல்லை. எட்டுக் குடும்பங்களின் வயல்கள் அடுத்தடுத்து இருப்பதாகக் கொள்வோம். அறுபதாம் நாள் முதல் அறுவடை வரை ஏறக்குறைய ஐம்பது இரவுகள். இரவுக்கு இருவர் வீதம் நூறு முறைக்காவல். எட்டுக் குடும்பங்களுக்குப் பகிர்ந்தால் குடும்பத்திற்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று முறைதான் வரும். ஏறக்குறைய நான்கு இரவுக்கு ஓர் இரவு விழித்து, மற்ற மூன்று இரவுகள் நிம்மதியாய் உறங்கலாம். கழிகளையும் கயிற்றையும் மொத்தமாய் வாங்கினால் விலையும் நயமாகும். அறுவடைக்குப் பின் பரணைப் பிரித்துச் சங்கக் கிடங்கில் அடுக்கி வைத்தால், கூரை ஒழிந்த மற்றவை அடுத்த பருவத்திற்கும் உதவும்.

1904-ஆம் வருஷம் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் முதற் கடன் சங்கம் தோன்றியபோது, தனியே தாங்க முடியாத பாரத்தைப் பலர் சேர்ந்து தாங்கலாம் என்பதே அதன் தத்துவமாயிருந்தது. விழிப்பு என்னும் பாரமும் அத்தகையதே.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டியவை

1. ஊரில் எந்தெந்த வயல்கள் ஒரே பரணால் காக்கத்தக்கவாறு அடுத்தடுத்து உள்ளன?

2. இவ்வருஷம் பிராணிகள் எத்திசையிலிருந்து, எந்த வழியாய் வருகின்றன?

3. முறைக்காவல் பட்டியலை எழுதிப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது? விதவைகளும் முதியோரும் உள்ள குடும்பங்களின் முறையை யார் ஏற்பது?

4. வயலில் மின்கம்பி இழுக்கலாகாது என்று அங்கத்தினர் அனைவரும் கையொப்பமிட்டுத் தீர்மானம் நிறைவேற்றுதல் எப்போது?